பேரரசின் செலவுக் கணக்கு

1870-இல் ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஐரோப்பியர் கையில் இருந்தது. வடக்கே அல்ஜீரியா, தெற்கே கேப் பகுதி, மற்றபடி கரையோரத் துறைமுகங்கள், சில கோட்டைகள். 1914-இல் எத்தியோப்பியாவையும் லைபீரியாவையும் தவிர அவர்கள் ஆளாத நாடே அங்கே மிச்சமில்லை.

ஏன் என்று கேட்டால் உடனே வரும் பதில் பேராசை. தப்பில்லை. ஆனால் பேராசை 1870-இல் பிறந்ததல்ல. போர்ச்சுகீசியர் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே அந்தக் கரையில் இறங்கிவிட்டார்கள். நானூறு ஆண்டுகள் பெரும்பாலும் கரையோரத்திலேயே நின்று வாணிபம் செய்தவர்கள் திடீரென்று உள்ளே பாய்ந்தது ஏன்? என் பார்வையில் விடை செலவில் இருக்கிறது. அடுத்தவர் நாட்டைப் பிடிப்பது அந்தக் காலத்தில் நம்ப முடியாத அளவுக்கு மலிவாகிப் போனது.

முதல் தடையாக இருந்தது காய்ச்சல், முக்கியமாக மலேரியா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சியரா லியோனில் நிறுத்தப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் ஆண்டுதோறும் செத்தார்கள். 1820-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவர் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து மலேரியா மருந்தான குயினைனைப் பிரித்தெடுத்தனர். 1854-இல் வில்லியம் பைக்கி என்ற கப்பற்படை மருத்துவர் நைஜர் ஆற்றில் நீராவிப் படகில் போனபோது, காய்ச்சல் வரும் முன்பே ஆட்களுக்குக் குயினைன் கொடுத்துவந்தார். ஒருவரையும் பறிகொடுக்காமல் திரும்பினார். சிங்கோனா தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை மரம். அதன் விதைகளைக் கொண்டுபோய் டச்சுக்காரர்கள் தங்கள் காலனியான ஜாவாவில் தோட்டம் போட்டார்கள். பிற்பாடு உலகக் குயினைனில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. பேரரசு மருந்தை வளர்த்தது, மருந்து பேரரசை வளர்த்தது.

அடுத்தது ஆயுதம். 1884-இல் ஹிராம் மாக்சிம் உருவாக்கிய இயந்திரத் துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டுகள் சுடும். 1898 செப்டம்பரில் சூடானின் ஓம்துர்மானில் ஒரே காலைப்பொழுதில், மஹதி என்ற மதத் தலைவரின் வழிவந்த சூடானியப் படையினர் பத்தாயிரம் பேருக்கு மேல் மடிந்தார்கள். எதிரே நின்ற பிரிட்டிஷ்-எகிப்தியப் படையில் இறந்தவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. அதைப் போர் என்று எழுதவே கை கூசுகிறது.

மலிவு இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு எத்தியோப்பியா சாட்சி. பேரரசர் மெனெலிக் முன்கூட்டியே ஐரோப்பியரிடமிருந்தே நவீனத் துப்பாக்கிகளை வாங்கிக் குவித்திருந்தார். 1896-இல் அத்வாவில் இத்தாலி படுதோல்வி அடைந்தது. எத்தியோப்பியா சுதந்திர நாடாகவே நீடித்தது.

மலிவு மட்டும் போதாது, அவசரமும் வேண்டும். அதைக் கொடுத்தது ஐரோப்பிய அரசுகளுக்குள் இருந்த போட்டி. 1884 நவம்பரில் தொடங்கிய பெர்லின் மாநாட்டில் 14 அரசுகள் உட்கார்ந்தன. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. அங்கேதான் வரைபடத்தில் கோடு போட்டுக் கண்டத்தைப் பிரித்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பெரும்பாலான எல்லைகள் பின்னால் இரண்டிரண்டு நாடுகளாகப் பேசி வரைந்தவை. பெர்லின் வகுத்தது விதிகளை. கரையோரத்தில் புதிதாக ஓர் இடத்துக்கு உரிமை கோரினால், அங்கே உண்மையிலேயே அதிகாரம் செலுத்துவதைக் காட்ட வேண்டும் என்பது அதில் முக்கியமானது. 'எனக்கு இப்போது தேவையில்லை, ஆனால் அவன் எடுத்துவிடக் கூடாது' என்ற பயம் எல்லோரையும் ஓட வைத்தது.

ஐரோப்பாவில் தேங்கிய மூலதனம் முதலீட்டுக்கு இடம் தேடியதே ஏகாதிபத்தியத்துக்குக் காரணம் என்று ஆங்கிலப் பொருளியலாளர் ஹாப்சனும் பின்னர் ரஷ்யப் புரட்சித் தலைவர் லெனினும் வாதிட்டார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களைப் பார்த்தாலே புரியும். ஆனால் பிரிட்டனின் வெளிநாட்டு முதலீட்டில் பெரும்பங்கு போனது அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா போன்ற இடங்களுக்கு. புதிதாகப் பிடித்த வெப்பமண்டல ஆப்பிரிக்காவுக்குப் போனது சொற்பம்.

சரி, பிடித்தாயிற்று. யார் செலவு செய்வது? லண்டனும் பாரிஸும் ஒரே பதில்தான் சொல்லின: காலனி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். விளைவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியிலிருந்து கிளைத்தவை.

கென்யாவை எடுத்துக்கொள்வோம். நைல் நதியின் தலைப்பகுதி வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்பதற்காக, 1896-இல் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரியை நோக்கி ரயில்பாதை போடத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து 30,000-க்கு மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். 1901-இல் பாதை ஏரியைத் தொட்டபோது செலவு 50 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. அப்புறம்தான் தர்மசங்கடம். ஏற்றிச்செல்லச் சரக்கு இல்லை.

சரக்கை உண்டாக்க வெள்ளைக் குடியேறிகளை அழைத்தார்கள். கிக்குயு, மாசாய் மக்களின் நிலங்கள் பறிபோயின. குடியேறிகளுக்கு நிலம் கிடைத்தது, உழைக்க ஆள் கிடைக்கவில்லை. சொந்தமாகப் பயிரும் கால்நடையும் வைத்திருப்பவர் எதற்காகக் குறைந்த கூலிக்கு இன்னொருவர் வயலில் குனிய வேண்டும்? இங்கே வரி நுழைந்தது. குடிசைக்கு இவ்வளவு என்று வரி விதித்து, நாளடைவில் அதைப் பணமாகவே கேட்டார்கள். பணத்துக்குச் சுலபமான வழி குடியேறியின் தோட்டத்தில் கூலி வேலை. ஆப்பிரிக்கர் காப்பி பயிரிட்டுச் சம்பாதிக்க நீண்ட காலம் தடை இருந்தது, ஆகவே அந்த வழியும் அடைபட்டது. முதல் உலகப்போருக்குப் பிறகு 'கிப்பாண்டே' என்ற வேலைப் பதிவுச் சீட்டு வந்தது. ஆண்கள் அதை உலோகச் சிமிழில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். முதலாளி கையெழுத்திட்டு விடுவிக்காமல் வேறு வேலைக்குப் போக முடியாது.

சாட்டை தேவையில்லாமலே ஆட்களை நகர்த்தும் இயந்திரம் இது. வரி வருமானமும் தருகிறது, கூலிகளையும் தருகிறது. வரலாற்றுப் பாடங்களில் போர்களுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியையாவது இந்தக் குடிசை வரிக்குக் கொடுக்கலாம்.

சாட்டையே ஆண்ட இடமும் உண்டு. காங்கோவை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் 1885 முதல் 1908 வரை தன் சொந்த உடைமையாக வைத்திருந்தார். 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றபின் ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. லியோபோல்ட் பெரும் வனப்பகுதிகளைக் கம்பெனிகளுக்குக் குத்தகை விட்டார். ரப்பர் அளவு குறைந்தால் பெண்களைப் பிணையாகப் பிடித்தார்கள், கிராமங்களை எரித்தார்கள், கைகளை வெட்டினார்கள். அந்தக் குத்தகை எல்லைகளுக்கு உள்ளேயும் வெளியேயும் இன்று வாழும் மக்களைப் பொருளியலாளர்கள் லோவ்ஸும் மொன்டெரோவும் ஒப்பிட்டுப் பார்த்தனர். நூறாண்டு கடந்தும் உள்ளே இருப்பவர்களுக்குக் கல்வியும் சொத்தும் ஆரோக்கியமும் குறைவாகவே இருந்தன.

அதிகாரிகளின் சம்பளத்தையும் மிச்சம் பிடித்தார்கள். உள்ளூர்த் தலைவர்களை வைத்தே ஆள்வது, தலைவர் இல்லாத இடத்தில் ஒருவரை நியமிப்பது என்பது ஏற்பாடு. வரி வசூலிக்கும் தலைவருக்கு மேலிடத்தின் ஆதரவு போதும், ஊரின் சம்மதம் எதற்கு? ஆளப்படுபவர்களை வகைபிரித்து எழுதுவதும் நிர்வாக வசதியாயிற்று. ருவாண்டாவில் ஹுட்டு, டுட்சி பிரிவுகள் முன்பே இருந்தவைதான், ஆனால் ஓரளவு மாறக்கூடியவை. 1930-களில் பெல்ஜிய ஆட்சி அவற்றை அடையாள அட்டையில் அச்சிட்டு உறைய வைத்தது. 1994 இனப்படுகொலையில் சாலைத் தடுப்புகளில் யாரைக் கொல்வது என்று பார்க்க அந்த வழக்கத்தில் வந்த அட்டைகளே பயன்பட்டன.

'ரயில் போட்டார்களே' என்று காலனி ஆட்சிக்குப் பரிந்து பேசும் வாதத்துக்கும் கணக்கிலேயே பதில் இருக்கிறது. பெரும்பாலான பாதைகள் சுரங்கத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் துறைமுகத்துக்கு ஓடின, பக்கத்து நாட்டுக்கு அல்ல. தண்டவாள அகலம்கூட இடத்துக்கு இடம் வேறு. கிழக்கே மீட்டர் அளவு, தெற்கே மூன்றரை அடி.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மலிவு தீர்ந்தது. ஐரோப்பா கடனில் இருந்தது, காலனிகளில் சங்கங்களும் கட்சிகளும் வளர்ந்திருந்தன, துப்பாக்கி எல்லோருக்கும் கிடைத்தது. கென்யாவில் 1952-இல் மாவ் மாவ் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்கு அடிநாதம் பறிபோன நிலம். அதை ஒடுக்க ஏறத்தாழ 5.5 கோடி பவுண்டு செலவானது. ரயிலுக்கு ஆனதைப்போல சுமார் பத்து மடங்கு. 1963-இல் கென்யா சுதந்திரம் பெற்றது. வெளியேற விரும்பிய குடியேறிகளிடமிருந்து நிலத்தை வாங்கி மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் அந்தச் சமயத்தில்தான் நடந்தது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி பிரிட்டன் கொடுத்த மானியம், ஒரு பகுதி கடன். நிலம் பெற்ற விவசாயிகள் அதற்குப் பல ஆண்டுகள் தவணை கட்டினார்கள்.