ஹமோன்: தோய்ச்சல்வரி

பழைய ஜப்பானிய வாள்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் சீக்கிரமே எதிர்ப்படும் சொல் ஹமோன். வாளின் வாய்ப்பக்கம் நெடுக, முனைவரை மங்கிய வெண்மையாக ஓடும் வரிக்கு இந்தப் பெயர். ஜப்பானிய மொழியில் 'ஹ' வெட்டும் வாய்; 'மோன்' கோலம்.

அப்படியே 'வாய்க்கோலம்' என்று மாற்றிவிடலாம்தான். ஆனால் மேலே செதுக்கிய அலங்காரம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். வாளை அடித்து முடித்த கொல்லர், களிமண்ணும் கரித்தூளும் சாணைக்கல் பொடியும் குழைத்து அதன்மேல் பூசுகிறார்: முதுகில் தடிப்பாக, வாயில் மெல்லிசாக. பிறகு சுமார் 750–800 டிகிரி செல்சியஸ் வரை சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்குகிறார். வாய் சட்டென்று குளிர்ந்து மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான எஃகாகிறது. முதுகு நிதானமாகக் குளிர்ந்து இளக்கமாகவே நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் அந்த வரி.

நம் கொல்லுப்பட்டறையில் காய்ச்சிய இரும்பை நீரில் முக்கிக் கடினமாக்குவது தோய்ச்சல், பேச்சில் துவைச்சல். ஆகவே ஹமோனுக்குத் தோய்ச்சல்வரி என்பதே என் தேர்வு. ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் 'டெம்பர் லைன்' என்ற பெயரோ, தோய்த்தபின் இளஞ்சூடு காட்டிக் கடினத்தைத் தணிக்கும் வேலையைச் சுட்டுவது. நம் சொல்தான் நடந்ததை நேராகச் சொல்கிறது.

வரி நேராக ஓடினால் சுகுஹ, அலையாக ஏறி இறங்கினால் நோதரே. கிராம்பு மொட்டுகள் நெருங்கி நிற்பதுபோல் வந்தால் சோஜி; அதற்குப் பேர்போனது காமகுரா காலத்து (12–14ஆம் நூற்றாண்டு) பிஜென் நாடு, இன்றைய ஒகயாமா பக்கம். வரியின் ஓரத்தில் வெறுங்கண்ணுக்கே மணிமணியாகத் தெரிவது நியே. பனிமூட்டம்போல் படர்ந்திருப்பது நியோய்.

வாங்க நினைப்பவர் ஒற்றை விளக்கின் அடியில் வாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மெருகிடுபவர் சிறு கல்துண்டால் தேய்த்து வெளுப்பாக்கும் ஹதோரி என்ற மெருகுவேலை உண்டு. புதியவர்கள் பலர் அந்த வெள்ளையையே ஹமோன் என்று ரசித்துவிட்டுப் போவார்கள்! அசல் வரி அதற்குள்ளே வேறொரு கோட்டில் ஓடும். அமிலம் தடவி வரவழைத்த போலி வரியும் சந்தையில் உண்டு. அப்புறம், முனைப்பகுதியில் ஓடும் வரியைப் போஷி என்பார்கள். வாளைக் கணிப்பவர்கள் தவறாமல் அங்கே பார்ப்பார்கள். முனை ஒடிந்து போஷி போய்விட்டால் விலையும் போயிற்று.

தீயில் அகப்பட்ட வாளில் வரி அழிந்துவிடும். மீண்டும் தோய்த்தால் அது சாய்ஹ, அதாவது மறுதோய்ச்சல். பொதுவாக மதிப்பு வெகுவாகக் குறையும். இதற்கும் விலக்கு உண்டு. 1615-இல் ஒசாகாக் கோட்டை எரிந்தபோது கருகிய 'இச்சிகோ ஹிதோஃபுரி' என்ற வாளுக்கு, அன்றைய ஜப்பானின் ஆட்சியாளர் தொகுகவா இயெயாசுவின் கொல்லர் யாசுத்சுகு மறுதோய்ச்சல் போட்டார். அது இன்று ஜப்பானிய அரச குடும்பத்தின் வாள்களில் ஒன்று.