இரண்டு ஏற்பிகளின் ஒப்புதல்

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கென ஓர் ஆராய்ச்சி மருத்துவமனை இயங்கிவருகிறது. தொழுநோய்க்கு மருந்தைத் தவறாமல் உட்கொண்டுவருபவருக்கும் சில வேளைகளில் முழங்கை நரம்பு தடித்து வலியெடுக்கும். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்து உள்நோக்கி மடங்கும். கிருமி மடிந்துவரும் வேளையிலும் நரம்பு கெடுவதற்குக் காரணம், நம் செல்களே வெளியிடும் அழற்சிப் புரதங்கள்தாம்.

மேக்ரோஃபேஜ் எனும் வெள்ளணுவின் மேற்பரப்பில் டிஎல்ஆர்-2 என்ற ஏற்பி, அதாவது வெளியிலுள்ள மூலக்கூறை உணரும் புரதம், இருக்கிறது. கிருமியின் உறையிலுள்ள கொழுப்புப் புரதம் அதில் பொருந்தியதும், செல்லுக்குள் தொடர்வினை எழுந்து, என்எஃப்-கப்பா பி என்னும் புரதம் உட்கருவுக்குள் நுழைந்து அழற்சி மரபணுக்களை இயக்குகிறது. ஆனால் புரதம் உருவாவது வேறு, வெளியேறுவது வேறு. இந்த வேறுபாட்டுக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் உருவானதும் செல்சவ்விலேயே பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும்; டேஸ் என்ற நொதி அதைத் துண்டித்தால்தான் அது விடுபட்டு அக்கம்பக்கத்துச் செல்களுக்குப் போகும். இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற மற்றோர் அழற்சிப் புரதத்துக்கோ கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. அது 31 கிலோடால்டன் எடையுள்ள செயலற்ற முன்வடிவமாகவே செல்லுக்குள் தேங்கியிருக்கும். அது வெளிவர, பி2எக்ஸ்7 என்ற மற்றொரு மேற்பரப்பு ஏற்பி ஏடிபி மூலக்கூறை உணர வேண்டும். செல்லுக்குள் ஆற்றல் தரும் ஏடிபி வெளியே மிகுதியாகத் தென்படுகிறதென்றால், அருகில் ஏதோ ஒரு செல் சிதைந்திருக்கிறது என்று பொருள். உடனே அந்த ஏற்பியின் வழி திறந்து பொட்டாசியம் வெளியேற, என்எல்ஆர்பி3 புரதங்கள் ஒன்றுகூடி காஸ்பேஸ்-1 நொதியைத் தூண்டுகின்றன. அந்நொதி முன்வடிவத்தை 17 கிலோடால்டன் துண்டாக வெட்டுவதோடு, காஸ்டெர்மின்-டி புரதத்தையும் வெட்டிச் சவ்வில் துளையிடச் செய்கிறது. அத்துளை வழியேதான் இன்டர்லூக்கின் வெளியேறுகிறது. காய்ச்சலையே மூட்டவல்ல புரதத்துக்கு இந்த இரட்டை ஒப்புதல் மிகப் பொருத்தமானது. கிருமியின் ஒரு துணுக்கு பட்டதே போதுமென்றால், ஒவ்வொரு சிராய்ப்புக்கும் உடல் கொதிக்கும்.

தணிக்கும் வேலையிலும் டேஸ் நொதிக்குப் பங்குண்டு. அது டிஎன்எஃப்பின் ஏற்பிகளையும் வெட்டிவிடுகிறது. அப்படி மிதக்கும் ஏற்பிகள் டிஎன்எஃப்பைப் பிடித்து முடக்குகின்றன.

இப்படி நரம்பைக் கெடுக்கும் அழற்சியான தொழுநோய் எதிர்வினைக்குத் தரப்படும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பெருமளவு மரபணு நிலையிலேயே புதிய உற்பத்தியைத் தடுக்கிறது. ஏற்கெனவே வெளியேறிவிட்ட புரதங்களை அது திரும்பப் பெறாது என்பதால்தான், நரம்பிழைகள் மடியுமுன் மருந்தைத் தொடங்க மருத்துவர்கள் விரைகிறார்கள்.