லிஃப்ட் செய்த வண்டி: ஷாஃப்ட் அதிர்கிறதா, ஜாயின்ட் பிடிக்கிறதா?

லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்) போட்ட நாலு சக்கர டிரைவ் வண்டிகள் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் ஒரே புகார்தான்: "அடியில் ஷாஃப்ட் ஏதோ பண்ணுது." ஷாஃப்ட் என்பது, முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. விசாரித்தால் அந்தப் புகாருக்குள் இரண்டு கோளாறுகள் இருக்கும். ஒன்று, ரோட்டில் வேகம் ஏறும்போது வரும் அதிர்வு. மற்றது, கல்லிலும் பள்ளத்திலும் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது யூ ஜாயின்ட் (ஷாஃப்ட் சாய்ந்தபடியே சுற்ற, அதன் முனையில் இருக்கும் மூட்டு) பிடித்துக்கொள்வது. இரண்டுக்கும் வேர் ஷாஃப்டின் சாய்வுதான். ஆனால் சோதிக்க வேண்டிய நிலையும் வேறு, வைத்தியமும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் சாய்வைத் திருத்த ஆப்பு வைத்து, வாஷர் வைத்து, கடைசியில் ஜாயின்ட் உடைந்த பிறகு வருபவர்கள் நிறையப் பேர்.

"அதே 4 அங்குல கிட் நண்பர் வண்டியில் தொல்லையே தரவில்லையே?" என்று கேட்பார்கள். ஷாஃப்ட் நீளத்தைப் பாருங்கள். 40 அங்குல ஷாஃப்டில் 4 அங்குலம் உயர்த்தினால் சாய்வு ஏறத்தாழ 6 டிகிரி கூடும். 20 அங்குல ஷாஃப்டில் அதுவே 11 டிகிரியைத் தாண்டும். குட்டை வண்டிக்காரர்கள் படும் பாடு இதனால்தான்.

முதலில் அதிர்வு. சாய்ந்து சுற்றும் யூ ஜாயின்ட் வேகத்தை அப்படியே கடத்தாது. உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும், வெளியே போகும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடி இரண்டு முறை குறையும். 10 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் ஒன்றரை சதவீதம். 20 டிகிரியில் அது இரட்டிப்பாவதோடு நிற்காது, 6 சதவீதத்துக்குப் போய்விடும். ஷாஃப்டின் மறுமுனை ஜாயின்ட் அதே அளவு சாய்ந்திருந்து, இரண்டு முனை யோக்கும் (ஜாயின்டைப் பிடிக்கும் இரண்டு காதுள்ள கவட்டை) ஒரே தளத்தில் இருந்தால், முதல் ஜாயின்ட் கிளப்பிய குலுக்கலை இரண்டாவது சரிசெய்துவிடும். கம்பெனி வண்டி அமைதியாக ஓடுவது இந்தக் கணக்கில்தான். லிஃப்ட் கிட் கலைப்பதும் இதைத்தான்.

டயர் பேலன்ஸ் கோளாறா, ஷாஃப்ட் கோளாறா என்று ஓட்டும்போதே ஓரளவு சொல்லிவிடலாம். 32 அங்குல டயர், 4.10 கிரவுன் பினியன் (ஷாஃப்ட் 4.10 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும்) உள்ள வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் நொடிக்கு 11 முறை சுற்றும், ஷாஃப்ட் ஏறத்தாழ 45 முறை. சாய்வுக் கோளாறு அதிலும் இரண்டு மடங்கு, நொடிக்கு 90 அதிர்வு. அதனால் டயர் கோளாறு ஸ்டீரிங்கை உதறும். ஷாஃப்ட் கோளாறு சீட்டிலும் தரையிலும் முழக்கமாகக் கேட்கும். அதே வேகத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்தும் முழக்கம் போகவில்லை என்றால் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அளப்பதற்கு வண்டி சமதளத்தில், தன் எடையைச் சக்கரங்களில் தாங்கி நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி அளந்த எண் இந்த வேலைக்கு உதவாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சிலும் (ஷாஃப்ட் வந்து சேரும் தட்டு), ஷாஃப்டிலும், பினியன் (ஷாஃப்டிடமிருந்து சுழற்சியை வாங்கும் ஆக்சில் பல்சக்கரம்) ஃபிளாஞ்சிலும் ஆங்கிள் மீட்டரை வையுங்கள். ஷாஃப்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஜாயின்ட் வேலை செய்யும் கோணம். இரு முனையிலும் ஒற்றை ஜாயின்ட் உள்ள ஷாஃப்டில் இரண்டு கோணமும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும், இரண்டு ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்.

நான் அதிகம் பார்க்கும் தப்பு இங்கேதான் நடக்கிறது. பினியனை மேலே திருப்பி டிரான்ஸ்ஃபர் கேஸை நேராகப் பார்க்க வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கீழ் ஜாயின்டில் கோணமே இல்லை, மேல் ஜாயின்டில் மொத்தக் கோணமும். எதை எது சரிக்கட்டும்? பினியனை அப்படி வைப்பது, மேல்முனையில் இரட்டை ஜாயின்ட் (அடுத்தடுத்து இரண்டு யூ ஜாயின்ட், ஒன்றின் குலுக்கலை மற்றது சரிக்கட்டும்) உள்ள ஷாஃப்டுக்கு உரிய முறை. அதிலும் பட்டை ஸ்பிரிங் உள்ள பின் ஆக்சிலில் பினியன் மூக்கை ஒன்று இரண்டு டிகிரி தாழ்த்தியே வைப்போம். ஆக்சிலரேட்டர் மிதித்தால் பட்டை முறுக்கி மூக்கைத் தூக்கும். கோணம் முழுக்கச் சுழியமாக இருப்பதும் நல்லதல்ல. ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து கிராஸில் (ஜாயின்டின் நடுவே இருக்கும் சிலுவை வடிவத் துண்டு) குழி போட்டுவிடும்.

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும் சாய்வு ஆப்பு இரும்பாகவே இருக்கட்டும். வார்ப்பு அலுமினிய ஆப்பு நசுங்கும், விரியும். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்த பிறகுதான் தெரியவரும். முன் ஆக்சிலில் இன்னொரு சிக்கல். பினியனை உயர்த்தினால் கேஸ்டர் (ஸ்டீரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டீரிங் அலையும். அங்கே ஷாஃப்டுக்காக ஸ்டீரிங்கைப் பலி கொடுக்கக் கூடாது என்பது என் முடிவு. கூடவே ஸ்பிளைனையும் (ஷாஃப்டின் இரண்டு பாகம் ஒன்றுக்குள் ஒன்று சேரும் பல்வரிசை) பாருங்கள். ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளிச் சேர்ந்தாலும் யோக்குகள் தளம் மாறி, நல்ல கோணத்திலும் வண்டி அதிரும். இரண்டு பாகத்தையும் பிரிப்பதற்கு முன் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

அடுத்து, ஜாயின்ட் பிடிப்பது. இது ரோட்டில் ஓட்டினால் தெரியாது. வண்டியைச் சேசிஸில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்துக் கையால் ஷாஃப்டைச் சுற்ற வேண்டும். பிடிக்கும் ஜாயின்ட் அரைச் சுற்றுக்கு ஒருமுறை கையைத் தடுக்கும். டார்ச் அடித்து யோக் காதுகளைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் துருவும் மண்ணுமாக இருக்க, ஒரு மூலை மட்டும் பெயின்ட் போய் வெள்ளி மாதிரி மின்னும். அங்கேதான் இரும்போடு இரும்பு முட்டுகிறது. ஒருபக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் ஏற்றியும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பாறையில் ஏறும்போது ஆக்சில் அப்படித்தான் நிற்கும்.

முட்டும் இடம் நெம்புகோலாகிறது. முதலில் கிராஸ் தொப்பி (கிராஸின் முனையை மூடும் பேரிங் தொப்பி) கழன்று வரும், அல்லது காது விரியும். அதற்கும் தப்பினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளிமுனை உடையும். முன் ஷாஃப்ட் அறுந்து ஓட்டத்தில் தரையில் குத்தினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்கு ஆப்பு மருந்தல்ல. தொங்கலை அளவாக்குவதுதான் முதல் வேலை: சரியான நீள ஷாக், அல்லது லிமிட் ஸ்ட்ராப் (ஆக்சில் அளவுக்கு மேல் தொங்காமல் தடுக்கும் வார்). தொங்கல் வேண்டும் என்றே நீள ஷாக் வாங்கியவருக்கு இது கசக்கும். அவர் அதிகக் கோணம் தாங்கும் யோக்குக்கோ, நல்ல இரட்டை ஜாயின்ட் ஷாஃப்டுக்கோ போகட்டும். முட்டும் மூலையை லேசாக கிரைண்ட் செய்வதை ஏற்கிறேன். தொப்பி உட்காரும் துளைப் பக்கம் கிரைண்டர் போகவே கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாழ்த்தும் வாஷர் கிட் தற்காலிகத் தீர்வுதான். காசு கொடுத்து ஏற்றிய உயரத்தை அடிவயிற்றில் திருப்பிக் கொடுக்கிறீர்கள். அப்புறம் ஸ்லிப் நீளம், அதாவது ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் அளவு: முழுத் தொங்கலில் ஸ்பிளைன் போதிய அளவு உள்ளே இருக்க வேண்டும், முழு அமுக்கத்தில் ஒரு அங்குலமாவது இடைவெளி மிஞ்ச வேண்டும்.

ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிமுனையில் இருக்கிறது. பின் ஷாஃப்டை எடுத்தால் பின் சக்கரங்களை எதுவும் பிடிக்காது. ஆட்டோமேட்டிக்கின் பார்க் நிலைக்கும் இதே கதிதான்.

வேலை முடிந்ததும் யோக் காதுகளில் வெளிர் நிற பெயின்ட் ஒரு பூச்சு அடித்து அனுப்புவோம். முதல் ஆஃப்ரோடு பயணம் முடிந்ததும் குனிந்து பாருங்கள். பெயின்ட் உரிந்திருந்தால் இன்னும் முட்டுகிறது என்று அர்த்தம். கிராஸ் தொப்பியைச் சுற்றிச் செந்நிறத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்துவிட்டது. ஆப்பு வைத்த வண்டியென்றால், அப்படியே யூ போல்ட்டையும் ஒருமுறை முறுக்கிவிடுங்கள்.