முதல் மொழி இரண்டாம் மொழிக்குத் தடையா?

வீட்டில் ஸ்பானிய மொழி மட்டுமே பேசி வளர்ந்து, அமெரிக்கப் பள்ளியொன்றில் சேரும் சிறுமிக்கு எந்த மொழியில் எழுத்தறிவிப்பது? ஒரு மொழிக்கு ஒதுக்கும் நேரம் மற்றதன் கணக்கிலிருந்து கழிகிறது என்று கருதுவோர், முதல் நாளே ஆங்கிலத்தில் தொடங்கச் சொல்வார்கள். கூட்டல் கழித்தலாக இது சரி. ஆனால் வாசிப்பு அப்படி நடப்பதில்லை.

'மெசா' என்ற ஸ்பானியச் சொல்லை அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். (நம் 'மேசை'யும் போர்த்துக்கீசியம் வழியே வந்த அதே சொல்தான்.) ஒலிகள் சேர்ந்ததும், வீட்டில் தினமும் கேட்ட சொல் அது என்பது அவளுக்குப் பிடிபட்டுவிடுகிறது, தான் படித்தது சரியா என்பதை அவளே சரிபார்த்துக்கொள்கிறாள். ஆங்கிலத்தில் 'ஹென்' என்று பிழையின்றிக் கூட்டிவிட்டாலும், அது கோழியைக் குறிக்கும் என்று தெரியாதவளுக்கு அந்தச் சரிபார்ப்பு வாய்ப்பதில்லை. எழுத்து ஒலியைக் குறிக்கிறது, ஒலிகள் சேர்ந்தால் பொருள் கிடைக்கிறது என்ற புரிதலை ஒருமுறை பெற்றால் போதும். அதை இரண்டாம் மொழிக்காக மீண்டும் பெற வேண்டியதில்லை. பின்னக் கணக்கும் அப்படியே: அரையைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியது என்று அறிந்த குழந்தைக்கு ஆங்கிலத்தில் தேவைப்படுவது புதுப் பெயர்கள் மட்டுமே.

கனடாவைச் சேர்ந்த கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ், இரண்டாம் மொழியில் அன்றாடப் பேச்சுத் திறனையும் பாடங்களைக் கற்கத் தேவையான பாடமொழித் திறனையும் 1979-இல் பிரித்துக் காட்டினார். முன்னது ஏறத்தாழ 2 ஆண்டுகளில் கைகூடும். பின்னதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகலாம். விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசும் குழந்தை அறிவியல் பாடத்தில் திணறும்போது அதன் அறிவையே சந்தேகிப்பது, இந்த இடைவெளியை அறியாததால் வரும் பிழை.

ஆங்கிலவழி வகுப்பா, முதல் மொழியிலும் ஆங்கிலத்திலும் கற்பிக்கும் இருமொழி வகுப்பா, எது மேல் என்று ஒப்பிடுவது எளிதன்று. இருமொழி வகுப்பைத் தேடிச் சேர்க்கும் பெற்றோர் தொடக்கத்திலேயே வேறுபட்டவர்களாக இருக்கக்கூடும். ஆகவே, குலுக்கல் போலப் பிரித்துச் செய்த ஆய்வுகளையே நான் அதிகம் நம்புவேன். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவின் குழுவினர் ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளை அவ்வாறு இரு முறைகளுக்கும் பிரித்து 5 ஆண்டுகள் தொடர்ந்தபோது, தொடக்க வகுப்புகளில் ஆங்கிலவழிக் குழந்தைகள் ஆங்கிலத்தில் முந்தினர். 4-ஆம் வகுப்புக்குள் பெரும்பாலான அளவீடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எஞ்சவில்லை. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் குலுக்கல் முறையில் இருமொழி வகுப்புகளில் இடம்பெற்றவர்கள், இடம் கிடைக்காதவர்களைவிட 8-ஆம் வகுப்பில் ஆங்கில வாசிப்பில் ஏறத்தாழ 9 மாதம் முன்னே நின்றனர்.

முடிவுகள் இப்படி வேறுபடுவதில் கற்பித்தலின் தரத்துக்கும் பங்கிருக்கலாம். முதல் மொழியில் கற்றவை எல்லாம் தாமாகவே இரண்டாம் மொழிக்குச் சென்றுவிடுவதில்லை. 'சிட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவிலுள்ள எழுத்துக்கு ஸ்பானியத்தில் ஏறத்தாழ 'ஈ' ஒலி என்பதால், அச்சிறுமி அதை 'சீட்' என்றே படிப்பாள். அந்த ஓர் எழுத்தில் இரு மொழிகளும் எங்கே பிரிகின்றன என்பதை ஆசிரியர்தான் எடுத்துக்காட்ட வேண்டும்.