விமானத்தில் தூங்க வைக்க என்னிடம் மருந்து கேட்காதீர்கள்

போன வாரம் நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் வாட்ஸ்அப்பில் ஓர் அப்பாவின் அழைப்பு. "டாக்டர், தோஹாவுல இருக்கோம். சென்னையில ஏறும்போது பாப்பாவுக்கு 2.5 மில்லி கொடுத்தோம். தூங்கவே இல்ல, நாலு மணி நேரமா கத்துறா. இன்னொரு 2.5 மில்லி கொடுக்கலாமா?"

ஏழு மாதக் குழந்தை. அப்பாவுக்கு அமெரிக்காவின் டல்லாஸில் இரண்டு வருட வேலை, குடும்பத்தோடு போகிறார்கள். பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மருந்து. ஒரு சொட்டுகூடக் கூடாது என்றேன். நல்லவேளை, குழந்தை பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த மாதிரி அழைப்பு எத்தனையாவது என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

பயணத்துக்காகக் குழந்தைகளைத் "தூங்க வைக்கிற மருந்து" என்று ஒன்று இல்லை. நீங்கள் கேட்பது சளி, அலர்ஜி மருந்துகளின் பக்கவிளைவை. அந்தப் பக்கவிளைவும் சொன்ன பேச்சு கேட்காது. சில குழந்தைகள் தூங்குவதற்குப் பதிலாகத் துள்ளிக் குதித்துக் கத்தும், அந்த அப்பா பார்த்தது அதைத்தான். ப்ரோமெதசின் என்ற அலர்ஜி மருந்தை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலேயே எச்சரித்தது. காரணம், மூச்சு அடங்கிக் குழந்தைகள் இறந்தார்கள். நம் நாட்டிலும் குளோர்பெனிரமினும் பீனைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிடச் சொல்லி 2023இல் உத்தரவு வந்தது. அந்த எழுத்தை யார் படிக்கிறார்கள்?

இன்னொன்றையும் யோசியுங்கள். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருப்பது போலத்தான் இருக்கும், அதாவது ஆக்சிஜன் தரையில் இருப்பதைவிடக் குறைவு. ஆரோக்கியமான குழந்தை அதைச் சமாளித்துக்கொள்ளும். மருந்தால் மூச்சை மந்தமாக்கிவிட்டு, விளக்கணைத்த விமானத்தில் பக்கத்தில் நீங்களும் கண்ணயர்ந்தால் யார் பார்ப்பது? "அக்கா பையனுக்குக் கொடுத்தாங்க, ஒண்ணும் ஆகல" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒன்றும் ஆகாத பிள்ளைகளின் கதைதான் உங்கள் காதுக்கு வரும்.

குழந்தை அழட்டும். பக்கத்து சீட்காரர் முறைத்தால் முறைக்கட்டும். விமானம் இறங்கத் தொடங்கும்போது பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காதடைப்பு விடும். விமானத்தில் குழந்தைக்குத் தரும் தொட்டிலுக்கு முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்லிவையுங்கள், அதற்கு எடை வரம்பு உண்டு.

சரி, பயணம் ஒரு நாளில் முடிந்துவிடும். அப்புறம் அங்கே இருக்கப்போவது மாதக்கணக்கில். அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை.

தடுப்பூசி அட்டையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். கைபேசியில் படமும் இருக்கட்டும். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்க நர்ஸுக்கு மே 6. (மருத்துவர்களுக்கும் இதையே சொல்கிறேன், நம் கையெழுத்து நமக்கே புரியாது.) பிறந்ததும் போட்ட காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியின் தேதி கட்டாயம் இருக்க வேண்டும். அங்கே அந்த ஊசியை எல்லோருக்கும் போடுவதில்லை, தோலில் செய்யும் காசநோய்ப் பரிசோதனையில் இந்த ஊசியாலேயே தோல் வீங்கினாலும் குழம்பிப்போவார்கள்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு வெளிநாடு போகுமுன் தட்டம்மை ஊசி ஒரு தவணை போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் அமெரிக்காவில் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், பிறகு இரண்டு தவணை போடச் சொல்வார்கள். "ஏற்கனவே போட்டாச்சு" என்று அவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

காய்ச்சல் மருந்தில்தான் எனக்குப் பெரிய பயம். இங்கே பாரசிட்டமால் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உண்டு, 250 உண்டு. சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100. அங்கே வாங்கினால் 5 மில்லியில் 160. ஊரிலிருந்து பாட்டி போனில் "அஞ்சு மில்லி குடும்மா" என்று சொல்லும்போது அது எந்த பாட்டில்? எட்டு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம் போதும். சொட்டு மருந்தில் 5 மில்லி கொடுத்தால் 500 போய்விடும். அளவை மில்லிகிராமில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போங்கள்.

கண் மை வேண்டாம். பல மைகளில் ஈயம் இருக்கிறது, இங்கேயும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் காரிலேயே குழந்தைக்கான கார் சீட் இருக்க வேண்டும், அம்மா மடி செல்லாது.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. போன புதிதில் குழந்தைக்கு இரவு பகலாகிவிடும், கணவர் வேலைக்குப் போய்விடுவார், பேச ஆள் இருக்காது. பகலில் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் விடுங்கள், குழந்தை தூங்கும்போது பாத்திரத்தை விட்டுவிட்டு நீங்களும் தூங்குங்கள். வாரக்கணக்கில் அழுகையாகவே வந்தால், உங்களுக்காகவும் ஒரு டாக்டரைப் பாருங்கள் அம்மா.

டிக்கெட் போட்டதுமே என்னிடம் வாருங்கள், குறைந்தது ஆறு வாரம் முன்னால். நாளைக்கு பிளைட் என்று பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு வந்து நிற்காதீர்கள்.