நேர்கோடும் தூரிகை வீச்சும்: எது முதலில்?

கூரான நேர்கோடும் கை வீசிப் போட்ட தூரிகைத் தடமும் ஒரே கேன்வாஸில் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்க வேண்டுமானால், ரசனை மட்டும் போதாது. எது காய்ந்த பிறகு எது என்ற வரிசைதான் பாதி வேலையைச் செய்கிறது.

அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்ன் 1967இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் தொடங்கிய 'ஓஷன் பார்க்' ஓவியங்களைப் பாருங்கள். பலவும் ஆளுயரத்தைத் தாண்டியவை. கரிக்கோடு, அதன் மேல் மெல்லிய எண்ணெய் வண்ணம். கோடு அவருக்குப் பிடிக்காவிட்டால் இன்னொரு மெல்லிய பூச்சால் அரைகுறையாக மூடிவிட்டு, சற்றுத் தள்ளி வேறு கோடு இழுப்பார். மெல்லிய பூச்சுக்குள் ஒளி ஊடுருவி அடியிலிருந்து திரும்புவதால் பழைய கோடும் தெரியும். கோடுகளின் கட்டத்துக்குள்ளேயே கையின் தடுமாற்றமும் இருக்கும்; அந்த ஓவியங்களின் உயிரே அதுதான்.

நீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வண்ணத்தில், கோடு நேராக வர மாஸ்கிங் டேப் (எளிதில் உரியும் ஒட்டுநாடா) ஒட்டி வரைபவர்களின் சிக்கல் வேறு. டேப்பின் ஓரத்துக்கும் பரப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலே போதும், நீர்த்த வண்ணம் நுண்புழை நுழைவால் அதற்குள் ஏறிவிடும், கோடு பிசிறடிக்கும். டேப்பின் ஓரத்தைக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்து, அதன் மேல் நிறமற்ற அக்ரிலிக் மீடியத்தை (நிறமி சேராத அக்ரிலிக் கலவை) மெலிதாகப் பூசிக் காயவிடுங்கள். கசிவது மீடியம்தான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது, இடைவெளியும் அடைபடும். பிறகு வண்ணம், 2 மெல்லிய பூச்சுகள். கடைசிப் பூச்சில் ஈரம் இருக்கும்போதே டேப்பை மடித்துச் சாய்வாக உரிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் படலம் டேப்போடு சேர்ந்து கிழியும்.

தடித்த வீச்சின் மேல் டேப் ஒட்டவே ஒட்டாது. மேடுபள்ளங்களின் வழியே வண்ணம் ஓடும். அக்ரிலிக்கில் மேல்தோல் சீக்கிரம் காய்ந்தாலும் உள்ளே நீர் பல நாள் தங்கும். அவசரப்பட்டால் டேப் தோலை உரித்துக்கொண்டு வரும். ஆகவே கோடு முதலில், தடித்த வீச்சு பிறகு. வீச்சு அடியில்தான் வேண்டுமென்றால், கோடு போகவிருக்கும் பாதையை ஈரமாக இருக்கும்போதே கத்தியால் வழித்துச் சமப்படுத்திவிடுங்கள். நன்கு காய்ந்த அக்ரிலிக் கட்டத்தின் மேல் எண்ணெய் வண்ண வீச்சு பிடிக்கும். மாற்றிச் செய்தால், எண்ணெய்ப் படலத்தின் மேல் அக்ரிலிக் பிடிப்பின்றி உரிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் வீச்சு எடுபடவில்லையா? கண் முதலில் கூர்மையான விளிம்பைத்தான் பிடிக்கும். வீச்சைத் தடிப்பாக்காமல், அதன் அருகே கோட்டை ஒரு சாண் நீளத்துக்கு, பக்கத்து நிறம் தொட்ட உலர்ந்த தூரிகையால் மங்கலாக்குங்கள்.