ரூம் பில்லில் இன்னொரு வரி: குமுளி லாட்ஜ்காரர்கள் கையெழுத்துப் போடும் முன்

கம்பத்தில் அலுவலகம் வைத்துக்கொண்டு குமுளி, தேக்கடி பக்கத்து லாட்ஜ்களுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பது என் தொழில். சீசன் முடிந்து பில் கட்டோடு வருகிறவர்கள் கொஞ்ச காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், எல்லா லாட்ஜும் சேர்ந்து ரூமுக்கு இவ்வளவுன்னு வாங்கி ஊரை விளம்பரம் பண்ணலாம், குப்பையைச் சரி பண்ணலாம்னு பேசிக்கிறாங்க. நாளையிலேருந்து பில்லுல ஒரு லைன் சேர்த்துடலாமா?"

சேர்க்கக் கூடாது. யோசனை தப்பு என்று சொல்லவில்லை. யோசனை நல்லதுதான், பில்தான் அதற்கு இடம் இல்லை.

இந்த யோசனைக்கு முன்மாதிரியாக எல்லாரும் காட்டுவது அமெரிக்காவை, குறிப்பாகக் கலிபோர்னியாவை. அங்கே இது 1989-இல் வெஸ்ட் ஹாலிவுட்டில் தொடங்கியது. 1994-இல் வந்த ஒரு மாநிலச் சட்டத்துக்குப் பிறகு ஊர் ஊராகப் பரவியது. அங்கே ஹோட்டல் ரூமுக்கு இரண்டு வகையான வசூல் உண்டு. ஒன்று நகர சபை போடும் தங்கல் வரி. அது பொதுக் கஜானாவுக்குப் போகும், தீயணைப்புக்கும் செலவாகலாம், ரோட்டுக்கும் செலவாகலாம். இன்னொன்று, ஹோட்டல்காரர்கள் தாங்களே கேட்டுத் தங்கள்மீது விதித்துக்கொள்ளும் தொகை. வசூலிப்பது நகர சபை. செலவழிப்பது, பணம் கட்டுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் லாப நோக்கமில்லாத அமைப்பு. கட்டினவர்களுக்குப் பயன் தருகிற வேலைக்கு மட்டும்தான் அந்தப் பணத்தைத் தொடலாம்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது சதவீதத்தை இல்லை, கட்டுப்பாடுகளை. வரப்போகிற மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் கட்டப்போகிறவர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால்தான் நகர சபை வேலையைத் தொடங்க முடியும். அப்புறம் பொது விசாரணை நடக்கும். அங்கே அதே அளவு எதிர்ப்பு வந்தால் கைவிட வேண்டும். முதல் தடவை அதிகபட்சம் 5 வருஷம், புதுப்பித்தால் 10 வருஷம் வரை. இடையிலும் வருஷத்துக்கு 30 நாள் ஒரு வாசல் திறந்திருக்கும். பாதிக்கு மேல் கட்டுகிறவர்கள் அப்போது 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால் கலைக்கிற நடவடிக்கை தொடங்கும். செலவழிக்கிற அமைப்பின் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நம்மூர்ச் சங்கக் கூட்டங்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் சிரிப்பு வரும்.

சரி, இதை அப்படியே குமுளிக்குக் கொண்டுவர முடியுமா? சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு. கேரளத்தில் 1976-ஆம் வருஷச் சட்டப்படி ரூமுக்கு லக்சுரி டாக்ஸ் இருந்தது. பழைய ஓனர்கள் இன்றும் அதைச் சொல்லிக் குமைவார்கள், அத்தனை வருஷம் கட்டினோமே, குமுளிக்கு என்ன வந்தது என்று. 2017 ஜூலை 1-இல் அது ஜிஎஸ்டிக்குள் போய்விட்டது. அதற்கு முன்னரே 101-ஆவது திருத்தம் லக்சுரி மீதான வரியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்த இடத்தில் பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் மிஞ்சியது கேளிக்கை வரி மட்டும்தான். ஆக, ரூம் வாடகை மீது பஞ்சாயத்தே தனியாக ஒரு வரி போடும் என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டத்தில் என்று கேளுங்கள்.

வரிக்கு வழி இல்லை, கட்டணத்துக்கு உண்டு. செய்கிற சேவைக்கு ஈடாக வாங்குவது கட்டணம். கேரள உள்ளாட்சிகளின் குப்பை சேகரிக்கும் குழுவான ஹரித கர்ம சேனையின் பெண்கள் வாசலில் வந்து பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு மாதாமாதம் வாங்கும் யூசர் ஃபீ அந்த வகைதான். சிக்கிம் 2025-இலிருந்து சுற்றுலாப் பயணி ஒருவருக்கு 50 ரூபாய் வாங்குகிறது, ஹோட்டல்தான் அதை வசூலித்துக் கட்டுகிறது. ஆனால் அதற்கு மாநில அரசு முதலில் விதி எழுதி அறிவித்தது. சங்கம் தீர்மானம் போட்டு அச்சடித்த சமாச்சாரம் இல்லை அது.

சங்கமே சேர்ந்து பில்லில் போட்டால் என்ன ஆகும்? ஹோட்டல்களும் ரெஸ்டாரன்டுகளும் சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. பில்லில் உங்கள் 'ஊர் வளர்ச்சி நிதி' லைனைப் பார்க்கிற மதுரைக்காரர் போனில் புகார் அடிக்க எவ்வளவு நேரமாகும்? போதாததற்கு, போட்டியாளர்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே தொகையை ஏற்றினார்கள் என்ற கோணத்திலும் யாராவது கேள்வி கேட்கலாம்.

அடுத்தது என் வேலை சம்பந்தப்பட்டது. இதைத்தான் ஒருவரும் யோசிப்பதில்லை. வேறு ஒரு சட்டப்படி விதிக்கிற வரி, செஸ், கட்டணத்தை வாடிக்கையாளரிடம் தனியாகக் காட்டி வாங்கினாலும், அது சேவையின் மதிப்போடு சேரும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆவது பிரிவு. அதாவது நீங்கள் அரசுக்காக வாங்கும் தொகைக்கும் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். ஒரு நாள் வாடகை 7,400 ரூபாய் உள்ள ரூமை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 வரை 5 சதவீதம், எனவே வரி 370 ரூபாய். இதில் 2 சதவீத உள்ளூர்க் கட்டணமாக 148 ரூபாயைச் சேர்த்தால் மதிப்பு 7,548 ஆகிறது. 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். வரி ஏறக்குறைய 1,359 ரூபாய். 148 ரூபாய் வாங்கப்போய் விருந்தாளிக்குக் கிட்டத்தட்ட 1,137 ரூபாய் கூடுகிறது. விருந்தாளியின் சார்பில் வாங்கி அப்படியே கட்டுகிறோம், அதனால் மதிப்பில் சேராது என்று வாதாட விதி 33 இருக்கிறது. ஆனால் அதன் நிபந்தனைகளை ரிசப்ஷனில் இருக்கிற பையன் ஒவ்வொரு செக்-இன்னுக்கும் பார்த்துச் செய்வான் என்று நான் நம்பத் தயாரில்லை. பெரிய ரிசார்ட்டுகளுக்கு இது பிரச்சினையே இல்லை, அவை ஏற்கெனவே 18-இல்தான் இருக்கின்றன. அடிபடுவது நடுத்தரத்தில், அந்த விளிம்பில் வாடகை வைத்திருப்பவர்கள்தான்.

தொகையை எப்படிக் கணக்கிடுவது என்பதிலும் சண்டை வரும். ரூமுக்கு 50 ரூபாய் என்று வைத்தால் 800 ரூபாய் ரூமுக்கு அது 6 சதவீதத்துக்கு மேல். 8,000 ரூபாய் ரூமுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ்காரர் காசில் ரிசார்ட்டுக்கு விளம்பரம் என்றாகிவிடும். கலிபோர்னியாவில் பெரும்பாலும் வாடகையில் சதவீதம் வைப்பதன் நியாயம் இதுதான். ஆனால் குமுளிக்கே உரிய சிக்கல் ஒன்று கார்த்திகை, மார்கழியில் வரும். ஐயப்ப பக்தர்கள் விடியற்காலை வேனில் வந்து இறங்குவார்கள். ஒரு ரூம், பத்துப் பேர், குளியல், மூன்று மணி நேரத் தூக்கம், கிளம்பிவிடுவார்கள். அது ஓர் இரவா, அரை நாளா, ஒரு ரூமா, பத்துத் தலையா? தண்ணீர், கழிவுநீர், குப்பை என்று பார்த்தால் ஊருக்கு அதிகச் சுமை அந்த மூன்று மணி நேரத்தில்தான். ரெஜிஸ்டரில் பெரும்பாலும் அது ஏறுவதே இல்லை. இரவுக் கணக்கை மட்டும் வைத்து வசூல் திட்டம் போட்டால் சீசனின் பாதி கையை விட்டுப் போகும்.

இன்னொரு பக்கம், விளம்பரத்துக்கு ஏது பணம் என்று கேட்கிறவர்களிடம் அவர்கள் கணக்கையே காட்டுவேன். என்னிடம் வருகிற கணக்குகளில் ரூம் புக்கிங் ஆப்களின் கமிஷன் 15 சதவீதத்துக்குக் குறைந்து பார்ப்பது அரிது. அதுபோக ஆளைக் கூட்டிவரும் டிரைவருக்குக் கொடுப்பது தனி, அதற்கு ரசீதும் கிடையாது. ரூம் வசூல் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பணம் குமுளிக்கு ஒரு கழிப்பறையாகவும் திரும்பி வருவதில்லை, அவ்வளவுதான். அதில் ஒரு சிறு பங்கை ஊருக்குள் நிறுத்த முடிந்தால் எனக்குச் சந்தோஷம்.

ஊருக்குள் நின்ற பணம் என்ன செய்யும் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் போகிறவர்களிடம் சூழல் மேம்பாட்டுக்கென்று கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். அது 2004-இல் அமைந்த பெரியாறு ஃபவுண்டேஷனுக்குப் போகிறது. காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயணப் பட்டை (காட்டு லவங்கப் பட்டை) உரித்துக்கொண்டிருந்தவர்கள், சூழல் மேம்பாட்டுக் குழுவாகச் சேர்ந்து, அதே காட்டில் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காவலாகவும் மாறியது இந்த ஊரில்தான். 2006-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி எல்லாப் புலிகள் காப்பகங்களுக்கும் இப்படி ஓர் அமைப்பு வேண்டும் என்று சேர்த்தார்கள். கேட் வரைக்கும் நன்றாக நடக்கிறது. கேட்டுக்கு இந்தப் பக்கம், லாட்ஜ்கள் இருக்கிற பக்கம்தான் அப்படி ஒன்று இல்லை.

சங்கம் பணம் திரட்டினால் போஸ்டர், டிராவல் மார்ட் ஸ்டால், வீடியோ என்று போகாமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. மே மாதம் ரூமே கிடைக்காத ஊருக்கு மே மாதத்தில் இன்னும் ஆளைக் கூப்பிடுவதில் என்ன லாபம்? காலியாகக் கிடப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை, அப்புறம் வாரநாட்கள். அதற்கு ஆளைத் திருப்புவதுதான் ஊர் தாங்குகிற விளம்பரம். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தேக்கடி, மூணாறு போன்ற மலைச் சுற்றுலா இடங்களில் 2025 அக்டோபர் 2 முதல் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாட்டிலை நிரப்பிக்கொள்ள நல்ல தண்ணீர்க் குழாய் நாலு இடத்தில் இல்லாமல் 'பசுமைத் தேக்கடி' என்று போர்டு வைத்தால் வருகிறவர் திட்டிவிட்டுப் போவார்.

எல்லாவற்றையும்விட அவசியம் என்று நான் நினைப்பது ஒரு போன் நம்பரும், அதை எடுக்க ஓர் ஆளும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தில் எல்லையில் போக்குவரத்து நின்றபோதும், 2018 வெள்ளத்தின்போதும் ரூம்கள் மொத்தமாக ரத்தாயின. ரோடு சரியானதும் "திறந்துவிட்டது, வரலாம்" என்று ஊர் சார்பில் சொல்ல ஒருவரும் இல்லை. ஒவ்வொரு லாட்ஜும் தனித்தனியாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தது. லோயர் கேம்ப் மலைப்பாதை இன்று எப்படி இருக்கிறது என்று தமிழிலும் மலையாளத்திலும் உண்மையைச் சொல்கிற ஒரு நம்பர் பத்து வீடியோவுக்குச் சமம்.

இப்போதைக்கு என் யோசனை இது. விருந்தாளி பில்லைத் தொடாதீர்கள். ஓனர்கள் சந்தாவாகக் கட்டுங்கள், வாடகை வரவில் இத்தனை சதவீதம் என்று. இடுக்கியில் சங்கம் பதிவது 1955-ஆம் வருஷத் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டப்படி. தனி பேங்க் கணக்கு, ரசீது, வருஷக் கணக்கு எல்லாம் வேண்டும். உத்தேச லாபத் திட்டத்தில் (வரவில் ஒரு பங்கையே லாபமாக வைத்து) வருமான வரி கட்டுகிறவர்கள் இந்தச் சந்தாவைத் தனிச் செலவாகக் கழிக்க முடியாது, மற்றவர்கள் தொழில் செலவாகக் காட்டலாம். சங்கத்தின் வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் சந்தாவுக்கு ஜிஎஸ்டியா என்ற கேள்வி வரும். அதற்கு இடம் தரும் பிரிவு செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் தாண்டுகிற சமயத்தில் நிலைமை என்ன என்று பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள். வரி விழுந்தால் 5 சதவீதத்தில் இருக்கிற லாட்ஜ்களுக்கு உள்ளீட்டு வரவு (கட்டிய ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது, அது கைச்செலவுதான்.

கெடு தேதியையும் முதல் தீர்மானத்திலேயே எழுதுங்கள். கேரள வெள்ள செஸ் ஞாபகம் இருக்கும், 1 சதவீதம். 2019 ஆகஸ்ட் 1-இல் தொடங்கியது, சொன்னபடி 2021 ஜூலை 31-இல் முடிந்தது. மறுநாள் பில்லில் அந்தக் கட்டம் இல்லை. அரசாங்கமே அதைச் செய்ய முடிந்தபோது ஒரு சங்கத்தால் முடியாதா?

இரண்டு மூன்று வருஷம் சந்தாவில் ஒழுங்காக நடத்திக் கணக்குக் காட்டிவிட்டு, சட்டப்படியான கட்டணம் வேண்டும் என்று பஞ்சாயத்துக்கும் மாநில அரசுக்கும் மனுக் கொடுங்கள். பதிவு செய்யாத ஹோம்ஸ்டேக்களையும் உள்ளே இழுக்க அதிகாரம் அவர்களிடம்தான் உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இன்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். எழுதுங்கள். கூடவே மலையாளத்தில் ஒரு நகலும் வையுங்கள், ஃபைல் சீக்கிரம் நகரும்.